அரியருக்குப் பின்னால் ஒரு காலித் தட்டு

செமஸ்டர் தேர்வு நெருங்கினால் கல்லூரி விடுதிகளில் இரண்டு வகை மாணவர்களைப் பார்க்கலாம். சோறு இறங்காமல் டீயிலேயே பொழுதை ஓட்டுபவர்கள் ஒரு வகை. நள்ளிரவில் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்து, கூடவே சிப்ஸ் பாக்கெட்டையும் காலி செய்பவர்கள் இன்னொரு வகை. முன்னவருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, பின்னவருக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று பெரியவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இருவரையும் ஆட்டுவது ஒரே பதற்றம்தான். திடீர்ப் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் பசியை அடக்குகிறது. அந்தப் பதற்றம் வாரக்கணக்கில் நீண்டால் கார்டிசால் மிகுந்து, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடவைக்கிறது. இதை ஒழுக்கக் குறைவு என்று ஒதுக்கினால், மதிப்பெண் சரிவதற்கான காரணங்களில் ஒன்றையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம்.

உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்துடன் ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். அறிவுத்திறன் சோதனைகளில் பெரிய சரிவு இல்லை. ஆனால் கவனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எரிச்சலும் சோர்வும் கூடின. நினைப்பெல்லாம் சாப்பாட்டின் மேலேயே இருந்தது. விடுதி மாணவரின் நிலை அத்தனை கொடியது அல்ல என்றாலும் திசை அதுவே: புரியாமல் தோற்பவர்களைவிட, புரிந்ததைப் படிக்க உட்கார முடியாமல் தோற்பவர்களே நம் கவலைக்குரியவர்கள். தோற்ற தாள் அரியராகி அடுத்த செமஸ்டரின் பதற்றத்தோடு சேர்ந்துகொள்கிறது. பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. கேன்டீனில் ஒரு முட்டை பப்ஸ், ஒரு டீ என்று மதியத்தை முடிக்கும் மாணவிக்கு வகுப்பில் வரும் அயர்ச்சியைச் சோம்பல் என்பது அநியாயம்.

ஏழைப் பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், மதிப்பெண்ணும் குறைவாகவே எடுக்கிறார்கள்; இரண்டுக்கும் காரணம் வறுமைதானே, உணவை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாடகை, பேருந்து, வீட்டுக் கடன் எல்லாமே மதிப்பெண்ணைப் பாதிக்கின்றன. ஆனால் வறுமையை ஒரு செமஸ்டருக்குள் கல்லூரியால் ஒழிக்க முடியாது. காலை இட்லியைத் தர முடியும். கல்லூரி மாணவ, மாணவிகளுக்கான தமிழக அரசின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் போகிறதே என்பது அடுத்த வாதம். நல்ல திட்டங்கள்தான். ஆனால் பணம் கணக்கில் விழுவதை மட்டுமே அரசு பார்க்கிறது. தட்டில் விழுகிறதா என்று பார்க்க அதில் வழியில்லை. பதினெட்டு வயதானவருக்கு ஊட்டிவிட வேண்டுமா என்பவர்கள், ஒன்பது மணி வகுப்புக்கு இரண்டு பேருந்து மாறி வரும் மாணவர் எந்நேரத்தில் சாப்பிடுவார் என்றும் சொல்ல வேண்டும்.

பள்ளிகளில் தரப்படும் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியைத் தாண்டவில்லை. தேர்வுக் கட்டணத்தைக் கெடு தவறாமல் வசூலிக்கும் கல்லூரிகள், தேர்வு நாள்களில் காலை ஏழு மணிக்கே மெஸ்ஸைத் திறக்கட்டும். அரசுக் கல்லூரிகளில் காலைச் சிற்றுண்டியை, தேர்வு மாதங்களிலாவது, அரசு தொடங்கட்டும்.