பாலுக்கும் ரூல் உண்டு!

எதிர்வீட்டுப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "பழைய மானேஜர் தங்கமானவர், மாமி. குழந்தைக்குப் பால் கொடுத்துட்டு வர நடுவிலே வீட்டுக்கு விடுவார். புதுசா வந்தவர் எல்லாம் ரூல்படிதான்கிறார்."

"அப்போ ரூல்படியே கேளேன்!" என்றேன்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, தினம் இரண்டு முறை பால் கொடுக்க நேரம் தரவேண்டும்; அதற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த உரிமை இது. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

எழுதிக் கொடுத்தாள். மறுநாளே அனுமதி கிடைத்துவிட்டது!

பழையவர் காட்டிய தயவு அவரோடேயே மாற்றலாகிப் போய்விட்டது. ரூல் எங்கும் போகவில்லை. கண்டிப்பான அதிகாரியிடம் இது ஒரு சௌகரியம், சகோதரிகளே: நமக்குச் சாதகமான ரூலையும் அவர் கண்டிப்பாகவே அமல் செய்வார்!