விளக்கு எரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை



செனாயிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். படிவம் 2 படிக்கும் மகள், 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' பாடத்தில் நுண்கட்டுப்படுத்தியைப் பற்றிப் படித்த ஆசையில், சேர்த்துவைத்த பணத்தில் ஒரு அர்டுயினோ பலகை வாங்கினாளாம். கணினியில் செருகினால் பலகையில் விளக்கு எரிகிறது. கணினியோ அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று பெட்டியில் போட்டு மூடிவிட்டாள். 'நாங்கள் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், இதில் எங்களுக்கு என்ன தெரியும்?' என்று கடிதம் முடிகிறது.

அம்மா, உங்களுக்குத்தான் தெரியும். செனாய் தொழிற்பேட்டையின் மின்னணுத் தொழிற்சாலைகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் பரிசோதனைப் பிரிவில் நிற்கிறார்கள். பழுதான பொருள் வந்தால், நன்றாக வேலை செய்யும் ஒன்றை அதன் இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார்கள். உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது அந்தப் பழக்கம்தான்.

முதலில் கேபிளை மாற்றுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் நான்கு கம்பிகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் போட மட்டுமே செய்த மலிவான கேபிள்களில் தகவல் கம்பிகள் இருப்பதில்லை. மின்சாரம் போவதால் விளக்கு எரியும்; பேச்சு மட்டும் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கைப்பேசியிலிருந்து கணினிக்குப் படங்களை மாற்றிய கேபிள் வீட்டில் இருந்தால் அதையே எடுங்கள். முனை பொருந்தாவிட்டால் பள்ளியில் கேளுங்கள். நடுவில் ஹப் வேண்டாம், கணினியிலேயே நேராகச் செருகுங்கள். பிள்ளைகள் பலகையைக் குறை சொல்லி, பிறகு தங்களைக் குறை சொல்லி ஒதுங்கிப்போவது பெரும்பாலும் இந்தக் கேபிளால்தான். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்து, விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, பலகையைச் செருகியும் பிடுங்கியும் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் மீண்டும் கேபிளையும் கணினியின் துளையையும் சந்தேகிக்கலாம். மஞ்சள் குறியோடு ஒரு பெயர் வந்தால் நல்ல செய்தி: கணினி பலகையைப் பார்த்துவிட்டது, அதனோடு பேச டிரைவர் மென்பொருள்தான் இல்லை. அசல் அர்டுயினோ யூனோ ஆர்3 பலகையில் யூஎஸ்பி வேலையைப் பார்ப்பது ஏடிமெகா16யூ2 சில்லு. விலை குறைந்த பலகைகள் பலவற்றில் சிஎச்340. சில்லின் மேலுள்ள எழுத்தைக் கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் படித்து, அதற்குரிய டிரைவரை நிறுவினால் போதும். சிஎச்340 இருப்பதாலேயே பலகை மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சைட்ரன் நிறுவனத்தின் மேக்கர் யூனோவிலும் அதுதான். இன்று பினாங்கில் இருக்கும் அந்த நிறுவனம் முன்பு இருந்தது உங்கள் பக்கத்து ஊரான ஸ்கூடாயில், தாமான் யூனிவர்சிட்டியில்.

பெயர் சரியாகத் தெரிந்தும் நிரல் ஏறவில்லையா? அர்டுயினோ மென்பொருளில் பலகையின் வகையும் காம் போர்ட்டும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். 0, 1 எண் துளைகளில் ஏதாவது கம்பி இருந்தால் கழற்றிவிட வேண்டும். நிரல் ஏறும் பாதை அதுவே.

இன்னும் ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. யூனோவில் 'ரீசெட்' துளையை 'கிரவுண்ட்' துளையோடு ஒரு கம்பியால் இணையுங்கள். நிரலை இயக்கும் முதன்மைச் சில்லு உறங்கிவிடும். 0, 1 துளைகளை இன்னொரு கம்பியால் இணையுங்கள். 'சீரியல் மானிட்டர்' திறந்து மகள் தன் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பட்டும். அந்தப் பெயர் அப்படியே திரும்பி வந்தால் கணினி, கேபிள், டிரைவர், யூஎஸ்பி சில்லு எல்லாம் நலம். கோளாறு முதன்மைச் சில்லிலோ மென்பொருள் தேர்விலோ இருக்கிறது. திரும்பாவிட்டால் இந்த நான்கில்தான் தேட வேண்டும். தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது, பாருங்கள்!

2005இல் இத்தாலியின் இவ்ரியாவில் அர்டுயினோவை உருவாக்கியவர்கள், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களை மனத்தில் வைத்துத்தான் செய்தார்கள். 'எனக்கு வராது' என்று நினைப்பவர்களுக்காகவே பிறந்த பலகை அது என்று மகளிடம் சொல்லுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் அசையாவிட்டால், பலகையையும் கேபிளையும் சேர்த்தே பள்ளிப் பட்டறைக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேலை செய்யும் பலகையில் உங்கள் கேபிளையும், அங்குள்ள கேபிளில் உங்கள் பலகையையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். எது பழுதென்று தெரிந்ததும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்