முத்திரை குத்திய கொலை

கௌபாய் படங்கள் பழிவாங்கும் வெறியைத்தான் வளர்க்கின்றன என்று நடைப்பயிற்சி நண்பர்கள் சாதிக்கிறார்கள். 1968-இல் செர்ஜியோ கொர்புச்சி எடுத்த இத்தாலியப் படம், பிரெஞ்சில் 'லெ கிரான் சிலான்ஸ்', அதைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

பனி மூடிய யூட்டா. பிழைக்க வழியில்லாமல் மலையில் ஒளிந்தவர்களின் தலைக்கு விலை. கிளாவுஸ் கின்ஸ்கி அவர்களைச் சுட்டு, பிணத்துக்குப் பணம் வாங்குகிறான்; எல்லாம் சட்டப்படி! பழிதீர்க்க வரும் ஊமை வீரன் ழான் லூயி திரந்தினியான் கடைசியில் செத்து விழுகிறான். பிடிபட்ட ஏழைகளும் தப்பவில்லை.

இதைப் பார்த்து எவன் துப்பாக்கி தூக்குவான்? வெறியை வளர்ப்பது, நூறு பேரைக் கொன்றுவிட்டு நாயகன் சிரித்தபடி போகும் படம்தான்.

ஆயுசு முழுக்கக் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததால் அநியாயம் நியாயமாகிவிடாது. கொள்ளைக்காரனைவிட, கையில் காகிதம் வைத்திருக்கும் கொலைகாரனுக்குத்தான் அதிகம் பயப்படவேண்டும்.