நைரோபி எழுப்பிய கேள்வி

1968 செப்டம்பரில் நைரோபி பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைமை ஒரு யோசனையை முன்வைத்தது. பிரிட்டிஷ் இலக்கியத்தோடு நிற்காமல், ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்கர், கரீபியர் போன்றோருக்கும் பாடத்திட்டத்தில் இடம் கொடுக்கலாமா என்பது அதன் சாரம். கேட்பதற்கு நல்ல யோசனைதான். ஆனால், அக்டோபரிலேயே அங்கு பணியாற்றிய மூவர் அதற்கு எழுத்துமூலம் மறுப்புச் சொன்னார்கள். கூகி வா தியாங்கோ, டபன் லோ லியோங், ஹென்றி ஓவூர் அன்யும்பா ஆகிய அந்த மூவரும் கேட்டது, ஆங்கிலத் துறையையே கலைத்துவிட வேண்டும் என்று.

ஷேக்ஸ்பியர் மீது அவர்களுக்குப் பகை இல்லை. ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் ஏன் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய கேள்வி. கென்யா, கிழக்கு ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்கா முழுமை என்று தொடங்கி, அங்கிருந்து மற்ற உலகத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வாய்மொழி இலக்கியமும் சுவாஹிலியும் பாடத்திட்டத்தின் அடித்தளமாக வேண்டும் என்றார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு அங்கே ஆங்கிலத் துறை போய் இலக்கியத் துறை வந்தது.

நம் பல்கலைக்கழகங்களின் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டங்கள் பலவும், நைரோபியில் அந்த மூவர் நிராகரித்த யோசனையிலேயே நின்றுவிட்டன என்பது என் மதிப்பீடு. ஆங்கிலக் கவிஞர் சாசரில் தொடங்கும் வரிசை அப்படியே இருக்கிறது. அதன் கடைசியில் ‘பின்காலனிய இலக்கியம்’ என்று ஒரு தாள் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. அச்சேபியும் வோலே சோயிங்காவும் டெரெக் வால்காட்டும் அதில் இருக்கிறார்கள். அவர்களைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால், காலனியத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது, அதே கட்டடத்தில் அடுத்த வராந்தாவில் இருக்கும் தமிழ்த் துறையில் தனியாகக் கிடக்கிறது.

தேயிலையை எடுத்துக்கொள்வோம். முல்க் ராஜ் ஆனந்தின் ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ 1937இல் வந்த ஆங்கில நாவல். பஞ்சாபிலிருந்து அசாம் தோட்டத்துக்கு ஆசை காட்டி அழைத்துவரப்பட்ட கங்கு, அங்கே ஒரு வெள்ளைக்காரனின் துப்பாக்கிக்குப் பலியாகிறான். வழக்கில் வெள்ளைக்காரன் விடுதலையாகிறான். அதே 1930களில் புதுமைப்பித்தன் எழுதியது ‘துன்பக்கேணி’. திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. ஒரே பேரரசு, ஒரே பயிர், ஆள்பிடிக்கும் அதே தந்திரம். இரண்டையும் ஒரே வகுப்பில், ஒரே மேஜையில் வைத்துப் படித்தால் என்னென்ன கேள்விகள் எழும்! பஞ்சாபி விவசாயியின் பேச்சை ஆங்கிலத்தில் கொண்டுவர ஆனந்த் எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது? புதுமைப்பித்தனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மருதியின் பேச்சு அவர் ஊர்ப் பேச்சு. அப்படியானால், சாதியும் பெண்ணுடலும் அவர் கதையில் அவ்வளவு கூர்மையாக வந்ததற்கும் மொழிக்கும் தொடர்பு உண்டா? எம்.ஏ. மாணவி ஒருத்தி ஆய்வேடு எழுத இது ஒன்றே போதும்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் துயரம் கதையோடு முடிவதும் இல்லை. 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் அந்தத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பிரித்தது. வெள்ளைக்காரன் போன பிறகு தொடங்கிய துயரம் இது. காலனியம் எப்போது முடிந்தது, யாருக்கு முடிந்தது என்று கோட்பாட்டாளர்களைத் திருப்பிக் கேட்கும் தகுதி இந்த வரலாற்றை அறிந்த மாணவருக்கு உண்டு. அந்தத் தகுதியைத்தான் நாம் வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்திருக்கிறோம்.

பின்காலனியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக்கின் 1988ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேர்வுக்காக உருப்போடாத எம்.ஏ. மாணவர் அரிது. அதே ஸ்பிவாக் தன் தாய்மொழியான வங்காளத்திலிருந்து மகாசுவேதா தேவியின் கதைகளைத் தானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது குறிப்புப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. அவருடைய கோட்பாடு அந்த உழைப்பிலிருந்தும் ஊறியது. மூன்றாம் உலக இலக்கியம் என்று பேசுகிறவர்கள் அந்த உலகத்தின் மொழிகளை அறியாமலே பேசுகிறார்கள் என்று விமர்சகர் ஐஜாஸ் அகமது 1992இலேயே சாடினார். அந்தக் குறையை மேலைநாட்டுப் பேராசிரியரிடம் காண்பதில் வியப்பில்லை. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, முதல் தலைமுறையாக எம்.ஏ.வுக்கு வரும் பிள்ளையிடம் அதை நாமே உண்டாக்குவதுதான் கொடுமை. அவருடைய தமிழ் வாசிப்பை, ஆங்கிலத்துக்குக் குறுக்கே நிற்கும் தடையாகவே நடத்துகிறோம்.

தமிழ்த் துறைகளும் தப்பிக்க முடியாது. அச்சேபியின் நாவல் ‘சிதைவுகள்’ என்றும், கூகி கிகூயு மொழியில் எழுதிய நாவல் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்றும் தமிழில் எப்போதோ வந்துவிட்டன. இரண்டாவது, கென்யச் சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் எழுதப்பட்ட நாவல். தமிழ் எம்.ஏ. வகுப்புகளில் அவற்றை எத்தனை பேர் கையில் எடுத்திருப்பார்கள்?

ஆங்கிலம் படிக்க வந்தவருக்குத் தமிழ் எதற்கு, வேலைக்கு ஆங்கிலம்தானே வேண்டும் என்பார்கள். ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ‘துன்பக்கேணி’யின் ஒரு பக்கத்தை நல்ல ஆங்கிலத்துக்குக் கொண்டுவர முயல்கிறவர், வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்கிறவரைவிட அதிகமாகவே ஆங்கிலம் கற்றுக்கொள்வார்.

துறைகளைக் கலைக்கச் சொல்லவில்லை. அடுத்த திருத்தத்துக்கு உட்காரும் பாடத்திட்டக் குழுக்கள் மூன்று காரியங்களையாவது செய்யட்டும். ஆங்கிலத் துறையும் தமிழ்த் துறையும் சேர்ந்து நடத்தும் ஒரு தாளைக் கொண்டுவாருங்கள். அதில் தமிழ் நூல்களைத் தமிழிலேயே படித்து விவாதிக்க விடுங்கள். முன்னுரையும் குறிப்புகளும் கொண்ட ஒரு மொழிபெயர்ப்பை முதுகலை ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளுங்கள்.