'மறந்துடு' என்பது மருந்தல்ல

கும்பகோணம் பள்ளித் தீ விபத்து 2004 ஜூலை 16-ல் நடந்தது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 26-ல் சுனாமி. இறந்தவர்களின் கணக்கு எல்லோருக்கும் தெரியும். சரி, பிழைத்த குழந்தைகள்?

"அதையே நினைச்சுட்டு இருக்காதே, மறந்துடு." பெரியவர்கள் அவர்களிடம் சொல்வது பெரும்பாலும் இதுதான். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பயம் சொல்பேச்சு கேட்காதே!

கெட்ட கனவு, சத்தம் கேட்டால் தூக்கிப்போடுவது, சம்பவம் நடந்த பக்கமே போக மறுப்பது, பார்த்ததையே திரும்பத் திரும்ப விளையாட்டாக ஆடுவது... இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோயாக இருக்கலாம். வளரிளம் பருவத்தில் இது வெறும் எரிச்சலாகவும் கோபமாகவும் தெரியும். "திமிர்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். பெற்றோரை மட்டும் கேட்டால் போதாது. குழந்தையையே தனியாக, பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சுனாமிக்குப் பிறகு மூன்று நான்கு வாரங்களில் இலங்கையின் மூன்று கடலோரப் பகுதிகளில் 264 குழந்தைகளை ஆய்வு செய்தார்கள். இடத்துக்கு இடம் 14 முதல் 39 சதவீதம் பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருந்தன.

சிகிச்சை? இலங்கையின் வடகிழக்கில், போரையும் சுனாமியையும் பார்த்த 31 குழந்தைகளுக்கு ஆளுக்கு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவினர் தங்கள் வாழ்க்கையை, அந்தப் பயங்கரம் உட்பட, ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். மறு பிரிவினருக்குத் தியானமும் உடல் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 81 சதவீதம், அடுத்ததில் 71 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். சிகிச்சையே பெறாத பிரிவு அதில் இல்லை என்பதால், தானாகவே தேறியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு: சிகிச்சை அளித்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள்!

அதற்காக, சம்பவம் நடந்த மறுநாளே ஆளாளுக்கு வந்து "என்னம்மா பார்த்தே?" என்று கிளறுவதும் தவறு. முதலில் பாதுகாப்பு, தூக்கம், பழகிய முகங்கள், பழைய பள்ளி நேரம். அதற்குப் பிறகும் தேறாத குழந்தைக்குத்தான் முறையான சிகிச்சை.

இதற்குச் சுனாமிதான் வர வேண்டும் என்றில்லை. மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கும் இது வரலாம். பக்கத்திலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே போக வேண்டும் என்று முதலில் கண்டுபிடிக்கப் போவது யார்? தினமும் வருகைப் பதிவேடு எடுக்கும் ஆசிரியர்தான். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு இரண்டு நாள் ஒதுக்கினால் என்ன?