நெருப்பு இருக்கிறதா, இல்லையா?

கண்ணெதிரே தீ எரிகிறது. நீங்கள் பார்க்கிறீர்கள், நான் பார்க்கிறேன். ஆனால் அடுப்பு மட்டும், "இல்லை, தீ எரியவில்லை" என்று சாதித்துத் தன்னைத் தானே அணைத்துக் கொள்கிறது! இப்படி ஓர் அடுப்பை நேயர்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்தேன். சென்ற ஜனவரியில் டொரன்டோவில், என் தமக்கை வீட்டு நிலவறையில், இரவு பதினொரு மணிக்கு.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. வீட்டுக்குள் 21 டிகிரி இருக்க வேண்டியது 14-க்கு இறங்கிவிட்டது. அக்கா தன் எட்டு மாதக் குழந்தையை மூன்று கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள். கீழே அத்தானும் நானும் ஒரு தகரப் பீரோவின் முன்னால் மண்டியிட்டு, அதன் சிறு கண்ணாடித் துவாரத்தில் மாற்றி மாற்றிக் கண்ணை வைத்துக் கொண்டிருந்தோம். அந்தப் பீரோதான் பர்னேஸ். கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கி, குழாய்கள் வழியாக வீடு முழுவதும் அனுப்பும் யந்திரம். அந்த ஊரில் அது இல்லாவிட்டால் மனிதர் மட்டுமல்ல, குழாய்த் தண்ணீரும் உறைந்துவிடும்.

துவாரத்தில் தெரிந்த காட்சி இதுதான். ஏதோ ஒன்று சிவந்து தகதகக்கும். குப்பென்று நீல ஜ்வாலை கிளம்பும். "ஆ, வந்துவிட்டது!" என்பார் அத்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவதற்குள் டக்கென்று ஒரு சத்தம், ஜ்வாலை போய்விடும். மூன்று முறை இப்படி. பிறகு உள்ளே ஒரு சிறு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. அதற்கு மேல் பர்னேஸ் மௌன விரதம். அத்தான் ஸ்விட்சை அணைத்துப் போட்டார். மறுபடி மூன்று முறை, மறுபடி மௌனம். "பிடிவாதம் பிடித்த கழுதை!" என்றார். அப்புறம் மெக்கானிக்குக்குப் போன் செய்தோம்.

வந்தவர் வயதானவர். பனிப் பூட்ஸைக் கழற்றிக் கொண்டே, "பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். அது செய்வதுதான் சரி" என்றார். எனக்கும் விஷயம் தெரியாதாகையால், விடாமல் கேள்வி கேட்டுத் தெரிந்து கொண்டேன்.

நம் வீடுகளில் கேஸ் அடுப்பு வந்த புதிதில் அம்மாமார் படித்துப் படித்துச் சொன்ன பாடம் நினைவிருக்கிறதா? முதலில் தீக்குச்சியைக் கிழி. அப்புறம் குமிழைத் திருகு. மாற்றிச் செய்தால் கேஸ் சேர்ந்து, பற்றும்போது புருவத்தைப் பொசுக்கிவிடும். பர்னேஸும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. அம்மாவையும் மிஞ்சிய எச்சரிக்கையோடு. சுவரிலுள்ள தெர்மாஸ்டாட் "குளிர்கிறது" என்று தகவல் அனுப்பியதும் அது நெருப்பை மூட்டுவதில்லை. முதலில் ஒரு சிறு விசிறியை ஓட்டி, உள்ளே பழைய கேஸ் ஏதேனும் தங்கியிருந்தால் புகைக்குழாய் வழியே வெளியேற்றுகிறது. விசிறி நிஜமாகவே காற்றை இழுக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்விட்ச். புகைக்குழாயைப் பனி அடைத்துக் கொண்டால் இந்த ஸ்விட்ச் இசையாது, கேஸும் திறக்காது. அப்படி ஒரு தடை இல்லாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு விஷவாயு வீட்டுக்குள் திரும்பி, தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போகக்கூடும்.

காற்று சரி என்றால், ஒரு சிறு துண்டில் மின்சாரம் பாய்கிறது. அது ஆயிரம் டிகிரி செண்டிகிரேடுக்கு மேல் பழுக்கக் காய்கிறது. இதுதான் தீக்குச்சி. அது காய்ந்த பிறகே கேஸ் வால்வு திறக்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. திறந்த கேஸ் பற்றிக் கொண்டதா, இல்லையா? பற்றவில்லை என்றால் சில விநாடிகளுக்குள் மூடியாக வேண்டும். 1937 மார்ச் 18-ந் தேதி, அமெரிக்காவில் டெக்ஸாஸைச் சேர்ந்த நியூ லண்டன் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில் கசிந்து சேர்ந்த கேஸ், ஒரு மின்சார யந்திரத்தின் பொறி பட்டு வெடித்தது. குழந்தைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய முந்நூறு பேர் மாண்டார்கள். அந்தக் கேஸுக்கு மணமே இல்லை, யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகுதான் கேஸில் நாற்றமுள்ள பொருளைக் கலக்க வேண்டுமென்று அங்கே சட்டம் செய்தார்கள். ஆனால் யந்திரத்துக்கு மூக்கு ஏது?

பழைய பர்னேஸ்களில் ஒரு சிறு சுடர் அணையா விளக்காக எப்போதும் எரிந்து கொண்டிருக்கும். அதன் சூட்டில் இரண்டு உலோகங்கள் சேர்ந்த முனை ஒன்று சிறிதளவு மின்சாரம் உண்டாக்கி, வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்கும். சுடர் அணைந்தால் முனை ஆறி, வால்வு மூடும். நம் ஊரில் விற்கும் சில அடுப்புகளிலும் இந்த உபாயம் உண்டு. நல்ல உபாயந்தான், ஆனால் ஆறுவதற்கு அரை நிமிஷமோ அதற்கு மேலோ ஆகும். பெரிய பர்னேஸுக்கு அவ்வளவு தாமதம் ஆபத்து.

ஆகவே வேறொரு தந்திரம் செய்தார்கள். ஜ்வாலைக்குள் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக் கொண்டிருக்கிறது. நெருப்பில் அணுக்கள் பிய்ந்து மின்னேற்றம் பெறுவதால், ஜ்வாலை வழியே மின்சாரம் பாயும்! கம்பிக்கு முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் ஏ.சி. மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். கம்பி சிறியது, எதிரே இருக்கும் பர்னர் பெரியது. அதனால் ஒரு திசையில் மின்சாரம் சுலபமாகப் போகிறது, மறு திசையில் தயங்குகிறது. ஒருவழிப் பாதை மாதிரி. அந்த ஒருவழி மின்சாரம் வருகிறதா என்றுதான் பர்னேஸ் கவனிக்கிறது. அளவு? நாலைந்து மைக்ரோ ஆம்பியர். நம் வீட்டு 9 வாட் பல்பு எடுத்துக்கொள்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு!

"அந்தக் கம்பியைத் தகரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஏமாந்துவிடாதோ?" என்று கேட்டார் அத்தான். (அவர் கணக்கு ஆடிட்டர், அந்தப் புத்தி போகுமா?) மெக்கானிக் சிரித்தார். உலோகத்தில் பட்டால் மின்சாரம் இரண்டு திசையிலும் சமமாக ஓடும். ஈரம் கசிந்தாலும் அப்படியே. ஒருவழியாக ஓட விடுவது நெருப்பு ஒன்றுதான். பொய்ச் சாட்சி செல்லாது.

அப்படியானால் எங்கள் வீட்டு நெருப்பை அது ஏன் நம்பவில்லை? அவர் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு திருகைக் கழற்றிக் கம்பியை உருவிக் காட்டினார். அதன்மேல் வெள்ளையாக மெல்லிய பூச்சு. பல குளிர்காலம் எரிந்ததில் படிந்த மாசு, மின்சாரத்தைத் தடுத்துவிட்டது. மெல்லிய இரும்பு நாரால் பாத்திரம் தேய்ப்பதுபோல் இரண்டு தேய்ப்பு. அவ்வளவுதான்.

புறப்படுமுன் அத்தானிடம் ஒன்று சொன்னார்: "அது மூன்று முறை மறுத்தால் நீங்கள் முப்பது முறை ஸ்விட்சைப் போடாதீர்கள். கேஸ் நாற்றம் வந்தாலோ ஸ்விட்சையே தொடாதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து போன் செய்யுங்கள்."

மின்சாரத்தைப் போட்டார். சிறு விசிறி சுழன்றது. தீக்குச்சி சிவந்தது. நீல ஜ்வாலை. நானும் அத்தானும் எண்ணினோம்: நான்கு, ஐந்து, ஆறு... பத்து. சற்றுப் பொறுத்துப் பெரிய விசிறி பெருமூச்சு விட்டது. மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "சூடாக வருகிறதடா! மூன்று பேருக்கும் காபி போடட்டுமா?"

மெக்கானிக் மறுபடி பூட்ஸைக் கழற்றினார்.