தாளம் யாருடைமை?

கற்பிட்டிக் கடற்கரை இன்று, பட்டம் கட்டி அலைமேற் சறுக்கும் விளையாட்டுக்காக ஐரோப்பியர் நாடிவரும் இடமாகிவிட்டது. பருவகாலத்தில் அங்குள்ள விடுதிகளில் இரவில் நடன இசை முழங்குகிறது. அவ்விசை பற்றி நமது மாணவரிடையே இருவேறு கருத்துகள் நிலவக் காண்கிறோம். மேலைத்தேயச் சீரழிவு நமது கரையையும் தீண்டிவிட்டது என்பர் ஒரு சாரார். இசைக்கு எல்லையில்லை என்பர் மறு சாரார். இரு சாராருமே தவறான இடத்தில் நின்று வாதிடுகின்றனர் என்பதே நமது துணிபு. இசை எங்கிருந்து வந்தது என்பதன்று வினா. அதற்கு உரியவரென எவர் பெயர் எழுதப்படுகிறது என்பதே வினா.

டேவ் டெய்லர் என்னும் ஆங்கிலேயரை எடுத்துக்கொள்வோம். 'சுவிட்ச்' என்ற பெயரால் அறியப்பட்ட டீஜே, இசைத் தயாரிப்பாளர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007 இல் வெளியிட்ட 'கலா' இசைத்தொகுப்பின் தயாரிப்பில் அவருக்குத் தலையாய பங்குண்டு. அதில் வரும் 'போய்ஸ்' என்ற பாடலுக்கு உயிரூட்டுவது சென்னையில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட உறுமி மேளம். அதை அகற்றிவிட்டால் அப்பாடலில் எஞ்சுவது மிகச் சொற்பம். ஆயினும் பாடலை ஆக்கியோராகப் பதிவாகியுள்ள பெயர்கள் இரண்டே: அருள்பிரகாசம், டெய்லர். ஐரோப்பியன் சுரண்டினான் என்று கூறி நாம் கைகழுவிவிட முடியாது. முதற்பெயர் தமிழ்ப்பெயர்.

இங்கே சட்டம் மீறப்பட்டது என நாம் கூறவில்லை. சட்டம் செவ்வனே கைக்கொள்ளப்பட்டது. நமது குற்றச்சாட்டே அதுதான். அதே தொகுப்பில் 'பேர்ட் ஃப்ளூ' என்ற பாடல் 'ஜெயம்' திரைப்படப் பாடலொன்றின் துணுக்கைக் கொண்டது. எனவே இசையமைப்பாளர் ஆர்.பி. பட்நாயக்கின் பெயர் ஆக்கியோர் வரிசையில் இடம்பெற்றது. 'பேப்பர் பிளேன்ஸ்' ஆங்கிலக் குழுவான 'த கிளாஷ்' இசைத்த பாடலொன்றிலிருந்து எடுத்தாண்டது. அக்குழுவினர் பெயர்களும் இடம்பெற்றன. இசைத்தட்டில் பதிந்து பதிப்புரிமை பெற்ற ஓசைக்கு உடைமையாளர் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கையிலிருந்து கைக்கு வந்த ஓசைக்கு இல்லை! கோயிற் கொடையிலும் சாவு வீட்டிலும் உறுமியை முழக்கியோரைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. அந்தப் பழைய வாசலையே இலண்டன் பதிப்புரிமைப் பட்டியலும் அறியாமற் காவல் செய்கிறது.

டெய்லரின் அடுத்த முயற்சி இதனை இன்னும் தெளிவாக்குகிறது. டிப்ளோ என்ற அமெரிக்கருடன் சேர்ந்து அவர் 'மேஜர் லேசர்' என்னும் டான்ஸ்ஹோல் குழுவை அமைத்தார். 2009 இல் வெளிவந்த அதன் முதலாவது தொகுப்பு ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில் பதிவு செய்யப்பட்டது. இரு வெள்ளையரின் குழுவுக்கு முகமாக நின்றவனோ, கற்பனையான ஒற்றைக்கைக் கறுப்புப் போர்வீரன், வெறும் சித்திரம். (டீஜே என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. ஜமெய்க்காவில் அச்சொல் தாளத்தின்மேல் வாயாற் பேசிப் பாடுபவனைக் குறிக்கும்; ஐரோப்பாவிலோ அது தட்டைச் சுழற்றும் கையைக் குறிக்கலாயிற்று.) அத்தொகுப்பின் 'பொன் டி ஃப்ளோர்' பாடலில் ஒலித்த குரல் ஜமெய்க்கக் கலைஞர் வைப்ஸ் கார்ட்டெலுடையது. 2011 இல் பியோன்சே அப்பாடலை எடுத்தாண்டபோது, டெய்லர், டிப்ளோ ஆகியோருடன் கார்ட்டெலின் இயற்பெயரான அடிஜா பால்மர் என்பதும் ஆக்கியோர் வரிசையில் இடம்பெற்றது. எனவே கறுப்பர் என்பதால் மட்டும் எவரும் விடுபடுவதில்லை. பெயரும் ஒப்பந்தமும் உடையவர் பட்டியலில் ஏறுகிறார். அவை இல்லாதவர் ஓசையாக மட்டும் மிஞ்சுகிறார். டெய்லர் 2011 இல் குழுவை விட்டு விலகினார். பட்டியலின் விதி விலகவில்லை.

இனி நமது கரைக்குத் திரும்புவோம். புத்தளம் நகரை அடுத்த சிராம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்களான காப்பிரியர் வாழ்கின்றனர். பிற நாடுகளில் வசையாகிப்போன அப்பெயரைத் தம் பெயராகவே அவர்கள் வழங்குகின்றனர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழி அவர்களது அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. 'மஞ்சா' என்னும் பாடல்களிலே மட்டும் எஞ்சியிருக்கிறது. சிரட்டை, போத்தல், கரண்டி, றபான் ஆகியன அவர்களின் இசைக்கருவிகள். இத்தகைய ஆபிரிக்க, போர்த்துக்கேயக் கலப்பில் விளைந்த 'கஃப்ரிஞ்ஞா' தாளத்தையே பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்ரியன் 1940களில் சிங்களச் சொற்களோடு இணைத்துப் பைலாவாக்கினார். ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' அதனைத் தமிழகம் வரை கொண்டுசென்றது. சுற்றுலாப் பேருந்தில் அதைப் பாடாத பல்கலைக்கழக மாணவர் யார்? விரிவுரையாளர்களும் விலக்கல்லர். பாடியோருள் சிராம்பியடியின் பெயரைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? டெய்லரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவோமாயின், அங்கு நமக்கும் ஓரிடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளிக்கிறதே எனச் சிலர் கூறக்கூடும். அதன் 24 ஆம் பிரிவை அவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் நியமிக்கும் அதிகாரியிடம். அறவிடும் கட்டணம் 'பண்பாட்டு அபிவிருத்திக்கு'. பாடிய கிராமத்துக்கு அதிலே என்ன பங்கு? கலை மக்களுடையது என ஒப்புக்கொண்டு, காசை மட்டும் கந்தோருக்கு அனுப்பும் விந்தையான பாதுகாப்பு இது.

ஆய்வாளராகிய நாமும் வேறு விதமாக நடந்துகொள்ளவில்லை. உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களை எழுதி வெளியிட்டுப் பட்டமும் பதவியுயர்வும் பெறுவது நமக்குப் புதிதன்று. முன்னே ஒருவர் எடுத்துக்கொடுக்க, வலையின் கயிற்றைப் பற்றிய ஏனையோர் ஏற்றுப் பாடும் பாட்டு அது. எடுத்துக்கொடுத்தவர் யார் என்று எத்தனை ஆய்வேடுகள் குறித்துள்ளன? 'நாட்டார்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஆயிரம் பேரை அடக்கிவிட்டு, அட்டையில் நமது பெயரை அச்சிடுகிறோம். பதிவு செய்யும்போதே பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறிப்பதும், பதிவின் படியொன்றைப் பாடியவரிடமே கையளிப்பதும், அவர் இசைவின்றி வெளியிடாதிருப்பதும் பெருஞ்செலவுக்குரிய காரியங்களல்ல. தமிழ்ச் சங்கமொன்று அடுத்த விடுமுறையிலேயே இதைச் சிராம்பியடியிலும் உடப்பிலும் தொடங்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தின் அலுமாரியில் ஒலிநாடா ஒன்றைக் கண்டேன். சேகரித்த விரிவுரையாளரின் பெயர் அவரது பட்டங்களோடு அழகிய கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பாடியவருக்கென ஒதுக்கிய கோட்டில் இருந்தது ஒரே சொல்: 'புத்தளம்'.